பச்சைத் தட்டில் மணி அடித்தவர்

என் மனைவியிடம் பொய் சொல்லக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. சொல்லிப் பார்த்தவர்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் மூன்று பொய் சொன்னேன். மூன்றும் அன்றன்றைக்கே பிடிபட்டன. உண்மை பேசுவதே உடம்புக்கு நல்லது என்று அத்தோடு விட்டுவிட்டேன்.

அவள் வேலை பார்ப்பது காது பரிசோதனை நிலையத்தில். ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடி அறை. உள்ளே இருப்பவரின் காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். வெளியே இவள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இதில் என்ன பொய் சொல்ல முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். காது மந்தமாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனசு வராதவர்கள் குத்துமதிப்பாக அழுத்தித் தள்ளுவார்களாம். அதற்காக இவள் நடுநடுவே எந்தச் சத்தமும் அனுப்பாமல் சும்மா உட்கார்ந்திருப்பாள். அப்போதும் அழுத்தினால் சீட்டில் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள்.

"நிஜமா கேக்கிறவங்க நடுவுல ரெண்டு மூணு விட்டுடுவாங்க. பொய் சொல்றவங்கதான் ஒண்ணுகூட விடமாட்டாங்க," என்பாள்.

இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. சம்பளமில்லாமல் ஒரு வேலை செய்கிறாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, என் துணி அலமாரியின் கீழ்ப் பாதி, என் பொறுமை மூன்றும் போனது அந்த வேலையில்தான்.

நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ராக் இசைத்தட்டுகளை எடுத்துப் பாருங்கள். உறையில் நாலு பேர் தலைமுடியை வளர்த்துக்கொண்டு, உலகத்தின் மேல் ஏதோ வருத்தம் இருப்பவர்களாக நின்றுகொண்டிருப்பார்கள். உள்ளே பாட்டைப் போட்டால் ஐந்தாவதாக ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பார், ஆறாவதாக ஒருவர் கைதட்டுவார். அவர்கள் பெயர் உறையில் இருக்காது. வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கும், இல்லை சண்டை வந்திருக்கும், இல்லை உறையை முன்கூட்டியே அச்சடித்திருப்பார்கள். விருந்தாளி என்று கூப்பிட்டு, வாசிக்க வைத்து, ஒரு டீயைக் கொடுத்து, பெயர் போடாமல் அனுப்பிவிடுவது. அந்த விருந்தாளிகள் யார் யார் என்று கண்டுபிடித்து, சரிபார்த்து, ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள் பதினொரு பேர். ஒருவருக்கொருவர் முகம் பார்த்ததில்லை, கடிதத்திலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். அதில் ஒருத்தி என் வீட்டுக்காரி. 'விருந்தாளிப் பட்டியல்' என்று அதற்குப் பெயர். அதில் ஒரு பெயர் ஏறிவிட்டால் தட்டுக் கம்பெனிகளே மறுபேச்சு பேசுவதில்லை. இவள் ஏற்றியது நாற்பத்தோரு பெயர். ஏறவிடாமல் தடுத்தது இருநூறைத் தாண்டும்.

நான்தான் வாசித்தேன் என்று எழுதிப் போடுகிற ஒவ்வொருவருக்கும் இவள் ஒரே ஒரு கேள்வி அனுப்புவாள்: அன்று என்ன தப்பு நடந்தது?

புல்லாங்குழல்காரர் ஒருவர், இரண்டாம் சரணத்தில் ஒரு சுரம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டதாகவும், வெட்கத்தில் இருமி மழுப்பியதாகவும் எழுதியிருந்தார். ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள். இருமல் இருந்தது. மறுநாளே பெயர் ஏறிவிட்டது. இன்னொருவர், எல்லாம் இறையருளால் கச்சிதமாக அமைந்தது என்று நாலு பக்கம் எழுதியிருந்தார். அவருக்கு ஒரே வரியில் பதில் போனது. வருந்துகிறோம் என்றுகூட அதில் இல்லை. "எனக்கு வருத்தம் இல்லையே, எப்படிப் போடறது?" என்றாள்.

இப்படிப்பட்டவள் இருக்கிற வீட்டில்தான் என் அப்பாவும் இருந்தார். கேட்பானேன், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் மோட்டார் காயில் சுற்றுகிறவன். காலையில் கடையைத் திறந்தால் சாயங்காலம்வரை செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுகிறேன், ஒரு சுற்று தப்பினால் மோட்டார் புகைந்துவிடும். வீட்டுக்கு வந்தால் இந்த இரண்டு பேரும் புகைவார்கள்.

அப்பா தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே இருந்த பேண்டு வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசித்தார். பெரிய அதிகாரிகள் வந்தால் நின்று வாசிப்பது, போனால் ட்ரம்பெட்டைத் துடைத்து வைப்பது, அதுதான் அந்தக் குழு. அப்பாவுக்கு இருபத்தாறு வயதில் நிலையத்துக்கு அடுத்த கட்டிடத்தின் மாடியில் ஒரு ராக் குழு பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தது. ட்ரம்பெட் வாசிக்க வரவேண்டியவர் வரவில்லை. பக்கத்தில் பேண்டுச் சத்தம் கேட்டிருக்கிறார்களே, ஒருவன் ஓடிவந்து அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா போய் ஒரு பாட்டின் கடைசியில் இரண்டரை நிமிஷம் வாசித்துவிட்டு வந்தார். அந்தத் தட்டு உலகமெல்லாம் விற்றது. பச்சை உறை போட்டது, அதனால் எங்கள் வீட்டில் அது பச்சைத் தட்டு. உறையில் அப்பா பெயர் இல்லை.

"அன்னிக்கு எனக்கு லீவு. சும்மா போய் நின்னேன், வாசிச்சேன். பேர் போட மறந்துட்டாங்க," என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். பால்காரரிடம் சொல்வார். மீட்டர் பார்க்க வந்தவரிடம் சொல்வார். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணிடமே சொன்னார். எனக்கு இந்தச் சம்பந்தம் அமைந்ததே அதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கல்யாணமான இரண்டாம் மாதம் இவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பா எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னிக்கு என்ன தப்பு நடந்துச்சு?"

"தப்பா? நானா? ஒரு தப்பும் நடக்கலம்மா."

நோட்டை மூடிவிட்டாள். பத்தொன்பது வருஷமாக வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை அதே பதில். பட்டியலில் பச்சைத் தட்டுக்கு நேரே, 'ட்ரம்பெட்: தெரியவில்லை' என்றே வந்துகொண்டிருந்தது. அதை எழுதியது அவர் மருமகள். அதைப் படித்துவிட்டு அவள் கொடுக்கிற சாப்பாட்டை அவர் சாப்பிட வேண்டும்.

"உன் சொந்த மாமனார்டி!" என்று நான் கத்தியிருக்கிறேன்.

"அதனாலதான் இன்னும் ஜாக்கிரதையா இருக்கேன்," என்றாள்.

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதில் இரண்டு பேரும் ஒரே ஜாதி. நான் என்ன செய்வேன், கடைக்குப் போய்க் கம்பி சுற்றினேன்.

பச்சைத் தட்டில் ட்ரம்பெட்டைவிடப் பெரிய மர்மம் ஒன்று இருந்தது. அதே கடைசிப் பகுதியில், ட்ரம்பெட்டுக்கு அடியில், ஒரு மணிச் சத்தம். தூரத்தில் கேட்கிற மாதிரி, ஆறு தடவை. அதை வாசித்தது யார் என்று உலகத்தில் பலருக்குத் தூக்கமில்லை. முக்கோணக் கம்பி என்றார்கள், சைக்கிள் மணி என்றார்கள், பாட்டிலைக் கரண்டியால் தட்டியது என்றார்கள். இவள் பேப்பரில் விளம்பரம் கொடுத்ததும், நான்தான் மணி வாசித்தேன் என்று பதினொரு பேர் எழுதிப் போட்டார்கள். எல்லோருக்கும் கேள்வி போனது, பத்துப் பேர் எதுவும் தப்பில்லை என்றார்கள். ஏழாவது உறையில் வந்தவர் மட்டும் வேறு மாதிரி. டைப் அடித்த ஒரே வரி: 'ஏழு அடித்தேன், தப்பு என்னவென்றால், இரண்டு அதிகம்.'

"தட்டுல ஆறுதான் இருக்கு. இந்த ஆளு ஏழுங்கறாரு. அதுல ரெண்டு அதிகம்னா, எதுக்கு மேல அதிகம்?" என்று இவள் அன்று முழுக்க முணுமுணுத்தாள். பிறகு அதையும் நிராகரித்தாள். உறையில் யாரோ ஒருவருடைய பெயரும், ஒரு டைப் அடிக்கும் கடையின் முகவரியும் இருந்தன.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு ஏணி மாமா வருவார். அப்பாவோடு நிலையத்தில் வேலை பார்த்தவர். ஒரு தீ விபத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அன்றிலிருந்து கைத்தடிதான். நிலையத்துக்காரர்கள் ஈவிரக்கமில்லாமல் 'ஏணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அப்பா மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். "வாப்பா," "போப்பா," அவ்வளவுதான். எங்கள் வீடு மாடியில், இருபத்திரண்டு படி. தடியை ஊன்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறி வருவார். நான் டீ போடுவேன். இரண்டு பேரும் பேப்பரைப் பிரித்துப் பாதிப் பாதியாக வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு மணிக்கு இறங்கிப் போவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இது நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பச்சைத் தட்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். மாமாவுக்குப் பாட்டு பிடிக்காது போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒருவரும் கேட்டதில்லை.

போன வருஷம் தட்டுக் கம்பெனியிலிருந்து இவளுக்குக் கடிதம் வந்தது. பச்சைத் தட்டுக்கு ஐம்பது வருஷம் ஆகிறது, கூடவே ஒரு சின்னப் புத்தகத்தோடு மறுபடி வெளியிடுகிறோம், விருந்தாளிகள் பெயரை உங்கள் பட்டியலிலிருந்துதான் போடப்போகிறோம், மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள் என்று. அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு. இடது காது ஏறக்குறைய போய்விட்டது. இவளே சோதனை செய்து காது மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தாள். அவர் அதைப் பெட்டியோடு மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். எனக்கு நல்லாவே கேக்குது என்பார். டிவி போட்டால் தெருவே நம்மோடு சேர்ந்து செய்தி கேட்கும்.

அன்றைக்கு அப்பா இவளிடம் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"இந்தப் புத்தகத்துல வரலைன்னா இனிமே எதுலம்மா வரப்போகுது? அடுத்த ஐம்பதுக்கு நான் இருப்பேனா? என் பேரை ஒரு தடவ அச்சுல பாத்துட்டுப் போயிடறேன்."

இவள் கண் கலங்கியது. அதை நான் பார்த்தேன். கலங்கிக்கொண்டே, "தப்பச் சொல்லுங்க மாமா," என்றாள்.

"ஒரு தப்பும் நடக்கலம்மா."

அன்றைக்கு நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன். என் வீட்டில் நான் காட்டக்கூடிய அதிகபட்சக் கோபம் அது. யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த வாரம் கம்பெனி அசல் ஒலிநாடாவின் பிரதியை அனுப்பியது. தட்டில் எல்லா வாத்தியமும் கலந்து வரும். இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் இவள் ட்ரம்பெட்டை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள்.

ட்ரம்பெட் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மணியின் முதல் அடி விழுந்ததும் சட்டென்று மூச்சு அறுந்தது. அரை நொடி ஒன்றுமில்லை. பிறகு மறுபடி வாசிப்பு. பச்சைத் தட்டின் ரசிகர்களுக்கு அந்த அரை நொடி மிகவும் பிடிக்கும். மௌனத்தின் மேதைமை என்று அதைப் பற்றி ஒருவர் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறார். மணி ஐந்து தடவை ஒரே வேகத்தில் அடித்தது. கொஞ்சம் இடைவெளி. பிறகு மெதுவாக ஆறாவது. பிறகு, தட்டில் டிரம்ஸ் சத்தத்துக்குள் மூழ்கிப்போயிருந்த ஏழாவது. ஐந்தாவதும் ஏழாவதும் மட்டும் முழுசாக ஒலிக்கவில்லை, பாதியில் அமுங்கிவிட்டன.

"மணி மைக்குக்கு முன்னால இல்ல. ஜன்னலுக்கு வெளியில இருக்கு," என்றாள். "மணிச் சத்தம் கேட்டா மூச்சு நின்னுபோற ட்ரம்பெட்காரர் யாருங்க? மணி அடிச்சா ஓடியே ஆகணும்னு பழகின ஆள்தானே?"

அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஹெட்போனை மாட்டினாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அடிக்கு அவர் தோள் தூக்கிப்போட்டது. ஐம்பது வருஷம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. கடைசிவரை கேட்டார். கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாமா, இது நீங்கதான். எனக்கு இப்ப சந்தேகமே இல்ல," என்றாள் இவள்.

பத்தொன்பது வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்காக ஏங்கினவர். எழுந்து ஆடுவார் என்று நினைத்தேன்.

"என் பேரு வேண்டாம்மா. தெரியலைன்னே போட்டுடு," என்றார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அப்பாவுக்கு அது ஐம்பது வருஷம் தாங்கியிருக்கிறது. அன்றைக்கு அவருக்கு லீவே இல்லை. வேலை நேரத்தில் பின்சுவர் ஏறிக் குதித்துப் போயிருக்கிறார். பெயரைப் போட யாரும் மறக்கவும் இல்லை, போட்டால் வேலை போய்விடும் என்று இவரே வேண்டாம் என்றிருக்கிறார்.

"அந்த மணி?"

"நம்ம நிலையத்து மணிதான். தீ மணின்னா அஞ்சு அடி. ஒத்திகைன்னா மணியத் தானா அடங்க விடுவோம். நிஜம்னா கடைசி அடியக் கையால பிடிச்சு நிறுத்திடுவோம். கேட்ட உடனே தெரிஞ்சுடும்."

"அப்ப நிஜம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா." அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இன்னும் எட்டு வரி பாக்கி இருந்துச்சு. முடிச்சிட்டு ஓடிடலாம்னு நினைச்சேன். வாழ்க்கையில அந்த ஒரு தடவதான் என்னை வாசிக்கன்னு கூப்பிட்டாங்க. நான் இறங்கி வர்றதுக்குள்ள வண்டி போயிடுச்சு. அன்னிக்கு ஏணியில ஏற வேண்டியது நான். மணிக்காவல்ல இருந்தவன் என் இடத்துக்கு ஏறிப் போனான்."

ஏணி மாமா.

வயிற்று வலி, கக்கூஸில் இருந்தேன் என்று நிலையத்தில் சொல்லியிருக்கிறார். மாமாவிடமும் அதையேதான் சொன்னார். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதமும் அப்பா ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் மாமாதான் முதல் ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார். இதை அம்மாவிடம்கூட அப்பா சொன்னதில்லை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இத்தனை வருஷம் இதைத் தனியாகச் சுமந்தவர் என்று பரிதாபமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் என்ன பேசுவான்? நான் போய் டீ போட்டேன்.

இவள் மட்டும் அசையவில்லை. "போடுங்கன்னு நீங்க கெஞ்சினப்ப நான் போடல மாமா. வேண்டாம்னு கெஞ்சறப்ப விடவும் மாட்டேன். நடந்தது நடந்ததுதான். ட்ரம்பெட்டுக்கு நேரா உங்க பேரு வரும். மணிக்கு நேரா, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்து மணின்னு வரும். ஏணி மாமா அத ஒரு புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க."

"சொன்னா அவன் இனிமே வரமாட்டான்."

"வராம போகட்டும். அது அவர் இஷ்டம்."

கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். அப்புறம் அவள் அலமாரிப் பக்கம் போய், அந்த ஏழாவது உறையை எடுத்துப் பிரித்து, 'இரண்டு அதிகம்' என்ற வரியைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அஞ்சுக்கு மேல் ரெண்டு. "இந்த மனுஷனுக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுதணும்," என்றாள். அவள் அகராதியில் அந்தச் சொல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் பத்து மணிக்குத் தடிச் சத்தம் படியேறி வந்தது. அப்பா காலை ஆறு மணியிலிருந்து குட்டி போட்ட பூனையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். மாமா உட்கார்ந்தார். நான் டீயை வைத்தேன். அப்பா பேப்பரைப் பிரிக்கவில்லை.

"அன்னிக்கு நான் கக்கூஸ்ல இல்லப்பா," என்றார்.

எந்த அன்றைக்கு என்று மாமா கேட்கவில்லை. டம்ளரை எடுத்து ஊதினார். "தெரியும்."

"பக்கத்துக் கட்டிடத்துல…"

"தெரியும்டா. ட்ரம்பெட்ட இடுப்புல சொருகிக்கிட்டு நீ சுவர் ஏறிக் குதிக்கறத மணிக்குக் கீழ நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். பத்து நிமிஷத்துல வந்துடுவேன்னு நினைச்சேன். அதுக்குள்ள போன் வந்துடுச்சு." ஒரு வாய் குடித்தார். "அஞ்சு அடிச்சேன். எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்க. நீ வரல. ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு, ஊதற சத்தம் எனக்கு இங்க கேக்குது. சரி, பாவி காதுல விழலையோ என்னவோன்னு இன்னும் ரெண்டு அடிச்சேன். சட்டப்படி அடிக்கக் கூடாது. அந்த ரெண்டும் ஊருக்கு இல்ல, உனக்கு."

இவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அலமாரிக்குப் போய் அந்த உறையை எடுத்துவந்து மாமா முன்னால் வைத்தாள்.

"இந்தப் பேரு… மாமா, இது நீங்களா?"

"நான்தாம்மா. பேப்பர்ல விளம்பரம் குடுத்திருந்தியே, மணி அடிச்சவர் யாருன்னு. உனக்குத்தான் வரும்னு தெரிஞ்சே போட்டேன். தட்டிக் கழிச்சிட்ட."

முகம் தெரியாத ஆட்களின் பெயரையெல்லாம் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து தோண்டி எடுக்கிறவள். வாராவாரம் தன் வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறவருக்கு ஏணி என்பதைத் தவிர ஒரு பெயர் உண்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன? எனக்கு நாற்பத்தேழு வயது, வாராவாரம் டீ கொடுத்திருக்கிறேன், கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

மாமா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டும் கேட்டுச்சா?"

என் மனைவி ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கேள்வி அது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். அப்பா கேட்கவில்லை என்று சொல்லலாம். டிரம்ஸ் சத்தம் என்று சொல்லலாம். அந்த இரண்டு அடியை அவர் கேட்டிருக்க முடியாது என்றால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"கேட்டுச்சு," என்றார் அப்பா. "ஏழும் கேட்டுச்சுப்பா."

மாமா தலையை ஆட்டினார். டீயைக் குடித்து முடித்தார்.

"இத உன் வாயால கேக்கணும்னுதான் வாராவாரம் இந்த இருபத்திரண்டு படி ஏறினேன். உன் மகன் போடற டீக்காகன்னு நினைச்சியா?"

இவள் பட்டியலில் பெயர் ஏற்றுகிற படிவத்தை நீட்டினாள். மாமா முகவரியை எழுதி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எழுத்து அழகாக இருந்தது. தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அப்பா பின்னாலேயே படிக்கட்டுவரை போனார். வருகிறேன் என்று மாமா சொல்லவில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன், தோளைத் தொட்டேன். இறங்குகிற தடிச் சத்தம் அடங்கும்வரை நின்றோம்.

பட்டியல் அந்த வாரமே போய்விட்டது. பச்சைத் தட்டின் சின்னப் புத்தகம் அச்சாகி வந்தபோது கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்த வரியில் இருந்தன. ட்ரம்பெட் என்பதற்கு நேரே அப்பாவின் பெயர். மணி என்பதற்கு நேரே மாமாவின் பெயர், அடைப்புக்குறிக்குள் 'ஏழு அடி, இரண்டு அதிகம்'. அந்தப் பதினாறு பக்கக்காரர் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். இவள் ஒரே வரியில் பதில் போட்டாள்.

ஆனால் அது மூன்று மாதம் கழித்து. அதற்கு முன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி ஆயிற்று. படியில் சத்தமில்லை. பத்தரை ஆயிற்று. நான் போட்ட டீ ஆறிப்போனது.

"உடம்புக்கு ஏதாவது இருக்கும்பா," என்றேன்.

"இல்லடா," என்றார் அப்பா. எழுந்து சட்டையை மாற்றினார். "அவன் வீடு எங்கன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. இவள் படிவத்தின் நகலைப் பார்த்து முகவரியை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து, பெட்டியைப் பிரித்து, காது மெஷினை எடுத்து, இவளிடம் நீட்டினார். இவள் மாட்டிவிட்டாள்.

"கேக்குதா மாமா?"

"கேக்குதும்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.